உடையாத ஐம்பத்து மூன்று செல்கள்

“கவனக்குறைவு.”

அந்த ஒரு வார்த்தையைத் தட்டச்சு செய்து, கீழே பச்சை மையில் கையெழுத்தும் போட்டு என் மேஜையில் வைத்திருந்தார் துறைத் தலைவர். ஒன்பது வருஷமாக இந்தச் சோதனைக்கூடத்தில் செல் வளர்க்கிறேன், குரோமோசோம் எண்ணுகிறேன். இந்தக் கடிதம் மேலே போனால் என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிந்தது. அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு போனால் வேறு எந்தக் கூடமும் என்னை வாசல் தாண்ட விடாது.

நான் செய்த குற்றம், எண்ணியது.

மூன்று வாரம் முன்பு கரையில் ஒரு பெரிய பிராணி ஒதுங்கியது. கப்பலின் விசிறி அடித்து முகத்தில் பாதி இல்லை. தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை ஒரு சுற்று சுற்றினார். “பெரிய சைஸ் டால்பின். நம்ம கடலுக்கே புதுசு” என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். கட்டுரையும் எழுதிவிட்டார். அதற்குக் குரோமோசோம் எண்ணிக்கைத் தாள் மட்டும்தான் பாக்கி. எண்ணியவர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் செல்லாது.

டால்பினுக்கு நாற்பத்து நாலு. எனக்கு வந்தது நாற்பத்திரண்டு.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீங்க வைத்த செல்லைக் கண்ணாடித் தகட்டில் சொட்டுவோம். உயரத்திலிருந்து விழுந்தால் செல் வெடித்து ஒன்றிரண்டு குரோமோசோம் சிதறிப் போகும். அதனால் நாற்பத்து நாலுக்குக் குறைந்தால் ‘உடைந்தது’ என்று அடித்துவிட வேண்டும். தலைவர் போட்ட சட்டம். நினைத்தது வந்தால் கணக்கு, வராவிட்டால் குப்பை!

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன். குளிர்பதன அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அங்கே ஏதோ பட்டியலோடு நின்றிருந்தார். நான் வந்த வேகத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

“இது என்ன சார்?”

“படிக்கத் தெரியும்ல?”

“நல்லாத் தெரியும். எண்ணவும் தெரியும். அறுபது செல்லுல ஐம்பத்து மூணு, நாப்பத்திரண்டு. மூணு, நாப்பத்தொண்ணு. அது உடைஞ்சது, ஒத்துக்கறேன். நாலே நாலுலதான் நாப்பத்து நாலு. அதுவும் பக்கத்து செல்லுலேர்ந்து உதிரி வந்து விழுந்தது.”

“அந்த நாலு போதும்மா. அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. இந்தக் கடிதத்தை நானே கிழிச்சுடறேன்.”

மேஜைக்கு இன்னும் கிட்டே போனேன்.

“உடைஞ்சா கண்டபடிதானே போகணும்? ஒண்ணுல பெரிசு, ஒண்ணுல சின்னதுன்னு? ஐம்பத்து மூணுலயும் அதே ரெண்டு ஜோடிதான் காணோம். காணாமப் போன இடத்துல புதுசா ஒரு நீள ஜோடி உட்கார்ந்திருக்கு. ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிருக்கு சார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அலகு மாதிரி மூக்கு நீண்ட திமிங்கலத்துக்கு இப்படித்தான் நாப்பத்திரண்டுன்னு வகுப்புல நீங்கதானே சொல்லித் தர்றீங்க? இது டால்பினே இல்ல!”

“உன் கை கனம். ஓங்கிச் சொட்டற.”

“அப்ப நீங்க சொட்டுங்க.”

அவர் தகட்டைத் தொட்டே பன்னிரண்டு வருஷம் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“நீ வாப்பா. நீ எண்ணிச் சொல்லு.”

“நானா? என்னை ஏன் சார் இழுக்கறீங்க? நான் பாட்டுக்கு ஐஸ் சுரண்டிட்டிருக்கேன்” என்றார் அண்ணன். ஆனாலும் வந்தார். அறை மூலையிலிருந்த நுண்ணோக்கியில், கடிதத்தோடு கொண்டுவந்திருந்த என் தகட்டை வைத்தேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்து, விரலை மடக்கி எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று என் பொறுமையைத் தின்றது.

“நாப்பத்திரண்டு சார். நீளமா ஒரு ஜோடி இருக்கு. தங்கச்சி சொன்ன மாதிரியே.”

“அப்படியா?” என்றார் தலைவர். “சரி, அப்போ யோசிக்க வேண்டிய விஷயம்தான். கட்டுரையை நிறுத்தி வைப்போம்.”

அவ்வளவுதான்! மூன்று வாரமாக நான் தொண்டை கிழியச் சொன்னது, அண்ணன் ஒரு செல்லை எட்டிப் பார்த்ததும் உண்மையாகிவிட்டது. ஜெயித்தேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது.

“தாள்ல ரெண்டு பேர் பேரும் போட்டுடலாம்” என்றார், பெரிய மனது பண்ணுகிறவர்போல. “அவரும் பார்த்திருக்கார்ல, எடுபடும்.”

“அண்ணன் எண்ணினது ஒரு செல். நான் எண்ணினது அறுபது. என் பேர் மட்டும்தான் வரும்.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா” என்று அண்ணன் கதவை நோக்கி நகர்ந்தார்.

“இருங்கண்ணா. சாட்சிக்கு ஒருத்தர் வேணும்.”

அறுபது செல்லையும் ஒன்று விடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு பச்சை மைக் கடிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

“அதான் கிழிச்சுடறேன்னு சொன்னேனேம்மா.”

“கிழிக்க வேண்டாம் சார். கிழிச்சா நீங்க எழுதவே இல்லைன்னு ஆயிடும். அந்த வார்த்தையை அடிச்சு, பக்கத்துல ‘தவறு என்னுடையது’ன்னு உங்க கையால எழுதுங்க. அதுக்கப்புறம் மேலே அனுப்புங்க.”

அவர் என்னை முறைத்தார். நானும் இமைக்கவில்லை. அவர் பேனாவைத் தேடுவதுபோல் மேஜையைத் தடவினார்.

என் பேனாவை நீட்டினேன்.