பேஸ் நிறைந்தால் கவலையில்லை

கொன்சுவேலோ ஊருக்கு நேர்சாலையில் வந்தால் பன்னிரண்டு நிமிடம். எவரிஸ்தோ ரிஹோ மட்டும் கரும்புத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு முப்பத்தைந்து நிமிடத்தில் வருவார். நேர்சாலையில், ஊர் எல்லையில், ஒரு பழரச விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற பேஸ்பால் நட்சத்திரத்தை, பதினொரு வருடத்துக்கு முன்பு, அவன் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது, எவரிஸ்தோ சோதித்துப் பார்த்திருக்கிறார். 'இடுப்பு பெரியது, எதிர்காலம் சிறியது' என்று அறிக்கையும் எழுதி அனுப்பியிருக்கிறார். வேறொரு கிளப் அந்த இடுப்பை எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் பலகை வந்தது.

ஆள் பார்ப்பதுதான் அவர் தொழில். ஓர் அமெரிக்க கிளப்புக்காக ஊர் ஊராகப் போய், பையன்கள் எறிவதையும் அடிப்பதையும் பார்த்து எண் போட வேண்டும். எண்கள் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஏன் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, ஏன் நூறில் முடிவதில்லை என்று பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை கேட்டார். "எப்பவும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் சொல்லி கிளப் எடுத்தவர்கள் மூன்று பேர். ஒருவன் இப்போது டயர் கடை வைத்திருக்கிறான். ஒருவர் போதகர் ஆகிவிட்டார். மூன்றாமவன் எங்கே இருக்கிறான் என்று அவன் மனைவியும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் மேலதிகாரி ஹால்வர்சன் போன் செய்தார். ஹால்வர்சன் ஸ்பானிஷைப் புத்தகம் வைத்துப் படித்தவர். அவர் திட்டினால்கூட ஆண்டு விழாவில் வாழ்த்து மடல் வாசிப்பது போலிருக்கும்.

"மதிப்பிற்குரிய எவரிஸ்தோ! தாங்கள் அடுத்துப் பரிந்துரைக்கும் இளைஞரே தங்களது இறுதி வாய்ப்பாகும். அவரும் பயனற்றவராயின், வேகமானியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தாங்கள் இல்லம் ஏகலாம்."

வேகமானி என்பது பந்தின் வேகம் பார்க்கிற துப்பாக்கி. அது எவரிஸ்தோவின் கழுத்தில் தொங்கும்வரை டிராஃபிக் போலீஸ்காரர்கூட அவரை 'தொன்' என்று மரியாதை போட்டுத்தான் கூப்பிடுவார். கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஐம்பத்து நாலு வயதும், ஒரு பெரிய தொப்பியும், மச்சான் நடத்துகிற கோழிப்பண்ணையில் ஒரு வேலையும்தான்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொன்சுவேலோ மைதானத்தில் அவர் தெல்வினைப் பார்த்தார்.

கடைசி இன்னிங்ஸ். உள்ளூர் அணி இரண்டு ரன் முன்னால் நின்றது. ஆட்டத்தை முடித்து வைப்பதற்காக, தென்னை மரத்துக்குக் கால்சட்டை மாட்டியது போல ஒரு பையன் களத்துக்குள் வந்தான்.

"யாரு இந்த நெட்டையன்?" என்று பக்கத்திலிருந்த முடிதிருத்துகிற தார்சீசியோவிடம் கேட்டார்.

"நம்ம நெரெய்தா மகன், தெல்வின். பதினேழு வயசு. ஊர்ல சூஸ்தோன்னு கூப்புடுவோம்."

சூஸ்தோ என்றால் திடுக்கிடல். பெயர்க்காரணம் முதல் பந்திலேயே விளங்கிவிட்டது. அது கேட்ச்சரின் தலைக்கு மேலே, வலைக்கு மேலே, வலைக்குப் பின்னால் ஐஸ் விற்கிறவரின் குடைக்கும் மேலே போயிற்று. எவரிஸ்தோ வேகமானியைப் பார்த்தார். தொண்ணூற்றாறு மைல். நாலு பந்து வழி தவறினால் அடிக்க வந்தவன் நடந்தே முதல் பேஸ் என்கிற முதல் நிறுத்தத்துக்குப் போகலாம் என்பது சட்டம். முதல் ஆள் நடந்தான். இரண்டாவது ஆளும் நடந்தான். எவரிஸ்தோவுக்கு வியர்த்தது. சுற்றிலும் பார்த்தால் ஊர்க்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் வந்தபோதுதான் விசித்திரம். எதிரணியின் பயிற்சியாளர் தரையில் தொப்பியை அடித்துக் கத்தினார்.

"டேய், நடந்துறாதடா! உன் கால்ல விழறேன், எதையாவது சுத்து! அவுட் ஆகித் தொலை!"

பையனும் சொன்ன சொல் கேட்பவன். தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் போன பந்துக்கு மட்டையைச் சுற்றினான். முதுகுக்குப் பின்னால் போனதற்கும் சுற்றினான். ஆனால் மூன்றாவது பந்து அவனைத் தேடி வந்து பின்பாக்கெட்டில் அடித்தது. அடிபட்டவன் முதல் பேஸுக்குப் போயே ஆக வேண்டும்.

"படவேயில்ல சார்!" என்று நடுவரிடம் கெஞ்சினான்.

"ஒன்பது வீடு தள்ளிக் கேட்டுச்சு. நட."

"வலிக்கவேயில்ல சார், சத்தியமா!"

நடுவர் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் பேஸில் நிறுத்தினார். மூன்று பேஸும் நிறைந்தன; ஓடி வந்து ரன் எடுக்க மூன்று பேர் தயார். மைதானமே கை தட்டியது. எதிரணி பயிற்சியாளர் பைகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

"என்ன கைதட்டுறீங்க? ஆட்டமே போகப்போகுது!" என்றார் எவரிஸ்தோ.

தார்சீசியோ காலை நீட்டி உட்கார்ந்தார். "நீங்க ஊருக்குப் புதுசு மாதிரி பேசுறீங்களே தொன். பேஸ் நிறைஞ்சிருச்சுல்ல? இனி என்ன கவலை?"

தெல்வின் மூன்று பேஸையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பசங்க எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்கிற தாயின் முகம் அது. பிறகு எறிந்தான். ஒன்பது பந்து. ஒன்பதும் ஸ்ட்ரைக். ஆளுக்கு மூன்று வீதம் மூன்று பேர் அவுட். கேட்ச்சர் கையுறையை வைத்த இடத்திலிருந்து ஒரு விரல்கூட நகர்த்தவில்லை.

எவரிஸ்தோ எழுந்து ஓடினார். இடுப்பை மட்டும் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டே ஓடினார்.

"ஏம்ப்பா, ஒண்ணு கேக்குறேன். பேஸ் காலியா இருக்கறப்ப உனக்கு என்ன ஆகுது?"

தெல்வின் தீவிரமாக யோசித்தான். "போர் அடிக்குது தொன். யாரும் எங்கயும் ஓடி வரப்போறதில்ல. எதுக்கு எறியறோம்னே தோணாது. மனசு எங்கயோ போயிரும்."

"பந்தும் கூடவே போயிருது."

"ஆமா. ஆனா யாராச்சும் மாட்டிக்கிட்டு முழிச்சா, எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியும்."

மைதானத்தின் ஓரத்தில் சட்டியில் யானிகேக்கே ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த அவன் அம்மா நெரெய்தா, சல்லிக்கரண்டியை நீட்டிக் கேட்டாள்: "என்ன தொன், என் புள்ளை இடுப்பு பிடிச்சிருக்கா? இல்ல, பலகை வெச்சப்பறம் வந்து பாக்குறீங்களா?"

அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. வேகம்: எழுபது. உயரம்: நிறைய. கட்டுப்பாடு? பேஸ் காலியென்றால் இருபது. நிறைந்திருந்தால் எண்பது. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. எவரிஸ்தோ இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஐம்பது என்று போட்டார். கணக்கு சரி. அப்படியொரு பையன்தான் உலகத்தில் கிடையாது.

ஹால்வர்சன் வியாழக்கிழமை காலை வந்து இறங்கினார். அவருடைய முறை எல்லாருக்கும் தெரியும். அடிக்க ஆள் கிடையாது, ஓட ஆள் கிடையாது, ஆட்டமும் கிடையாது. பையன் எறிவான், கேட்ச்சர் பிடிப்பான். இருபத்தைந்து பந்து. நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

அதாவது, காலி பேஸ்.

எவரிஸ்தோ இதற்கு ஏற்பாடு செய்திருந்தார். முதல் பேஸில் போதகர், இரண்டாவதில் டயர் கடைக்காரன், மூன்றாவதில் தார்சீசியோ.

"அம்மூவரும் யாவர்?" என்றார் ஹால்வர்சன்.

"சும்மா உதவிக்கு நிக்கிறாங்க சார். இங்க அது வழக்கம்."

"ஒருவர் கையில் வேதாகமம் உள்ளதே."

"அவரு அது இல்லாம எங்கயும் நிக்கமாட்டாரு சார்."

தெல்வின் மூன்று பேரையும் சுற்றிப் பார்த்தான். முகத்தில் எந்தத் தெளிவும் வரவில்லை. முதல் பந்து ஐஸ் வண்டிக்குப் போயிற்று. இரண்டாவது கேட்ச்சரின் தோளில். மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தகவல் இல்லை. எவரிஸ்தோ கண்ணாலும் கையாலும் மூன்றாவது பேஸைக் காட்டினார்.

"தார்சீசியோ மாமா எங்க தொன் ஓடப்போறாரு?" என்று தெல்வின் அங்கிருந்தே கத்தினான். "அவருக்கு முட்டி வலி!"

"நான் ஓடுவேன்டா!" என்றார் தார்சீசியோ. நிரூபிக்க ரெண்டு அடி வைத்தார். பிறகு பேஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பதினோராவது பந்து நெரெய்தா அடுக்கி வைத்திருந்த யானிகேக்கே தட்டில் இறங்கியது.

"அடேய்! உன்னைப் பெத்தவ இங்க இருக்கேன்டா!"

"உன் பக்கம் பாத்தே எறியல அம்மா!"

"அதான்டா பிரச்சினை, எந்தப் பக்கமும் பாக்கல நீ!"

ஹால்வர்சன் நோட்டுப் புத்தகத்தை மூடினார். இருபத்தைந்துக்குப் பதினான்கு பாக்கி இருந்தது. அவர் பாக்கி வைத்து யாரும் பார்த்ததில்லை.

"நண்பரே," என்று உள்ளங்கையை நீட்டினார், "வேகமானியை அளிப்பீராக."

எவரிஸ்தோவின் கை கழுத்துக்குப் போயிற்று. வார் கழுத்தில் பத்தொன்பது வருடத் தடமாகப் பதிந்திருந்தது. "ஒரே ஒரு நிமிஷம் சார். பையன்கிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

களத்தின் நடுமேட்டுக்கு நடந்தபோது அவரிடம் எந்தத் திட்டமும் இல்லை. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"முடிஞ்சுதுப்பா. என் வேலை போச்சு. நாளையிலேர்ந்து மச்சான் பண்ணையில முட்டை பொறுக்கணும். மச்சான் என்னை எவரிஸ்தோன்னு கூப்புட்டதே இல்ல. 'ஏ இடுப்பு'ன்னுதான் கூப்புடுவான். கோழிங்க முன்னாடி வெச்சு."

தெல்வின் நிமிர்ந்தான். "நெஜமாவா?"

"நெஜமா."

"எப்பத்திலேர்ந்து?"

"இப்பத்திலேர்ந்து. அவரு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு பாரு."

தெல்வின் பார்த்தான். ஹால்வர்சனின் உள்ளங்கை வெயிலில் நீட்டியபடியே இருந்தது. பையனின் தோள் இரண்டும் இறங்கின. மூச்சு நிதானமானது. ஒரு மனிதர் நன்றாக மாட்டிக்கொண்டு முழிப்பது அவனுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்படி ஓரமா நில்லுங்க தொன்."

முதல் பந்து கையுறையில் வெடித்தது. தொண்ணூற்றெட்டு. இரண்டாவதும் அதே இடம். மூன்றாவதற்குக் கேட்ச்சர் கண்ணை மூடிக்கொண்டே கையுறையை வைத்தான், பந்து அதிலேயே வந்து விழுந்தது. ஒன்பது பந்து போன பிறகுதான் ஹால்வர்சனின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"தாங்கள் அவரிடம் உரைத்தது யாது?"

பொய் சொல்ல எவரிஸ்தோவுக்குத் தெம்பில்லை. இருபது, எண்பது, வகுத்தல், முட்டி வலி, கோழிகள், எல்லாவற்றையும் சொன்னார். ஹால்வர்சன் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவர் அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு களத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"எவரிஸ்தோ பணியில் தொடர்வார்!"

தெல்வின் முகம் மலர்ந்தது. எறிந்தான். பந்து வேலி தாண்டிச் சாலைக்குப் போயிற்று.

"அவ்வாணை ரத்து செய்யப்படுகிறது!"

ஸ்ட்ரைக். தொண்ணூற்றெட்டு.

"மீண்டும் பணியில் அமர்த்தப்படுகிறார்!"

போதகர் வேதாகமத்தால் தலையை மறைத்துக்கொண்டு தரையில் படுத்தார்.

"உடனடியாக நீக்கப்படுகிறார்!"

ஸ்ட்ரைக்.

"சார், எனக்கு நெஞ்சு படபடங்குது," என்றார் எவரிஸ்தோ. "இப்ப நான் வேலையில இருக்கேனா, இல்லையா?"

"ஆய்வு முடியும்வரை பொறுத்திருக்கவும்," என்று ஹால்வர்சன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

கிளப் தெல்வினை எடுத்துக்கொண்டது. எவரிஸ்தோவுக்கும் ஒரு பணி உருவாக்கப்பட்டது. கிளப்பின் பயிற்சி அணி ஆடுகிற எல்லா மைதானத்துக்கும் அவர் போக வேண்டும். கடைசி இன்னிங்ஸில் தெல்வினைக் கூப்பிடுகிற நேரத்தில் அலுவலகத்து ஆள் வந்து எவரிஸ்தோவிடம் பணிநீக்கக் கடிதத்தைக் கொடுப்பார். தெல்வின் அதை வாங்கி, தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றையும் படித்துப் பார்ப்பான். ஒரு தடவை தேதி போட மறந்துவிட்டார்கள்; அன்று அவன் நாலு பேரை நடக்க விட்டான். கடிதம் சரியாக இருந்தால் தோளை இறக்கிக்கொண்டு களத்துக்குப் போவான். மூன்றாவது ஆள் அவுட் ஆனதும் கடிதம் கிழிக்கப்படும்.

இதுவரை நாற்பத்தொரு தடவை எவரிஸ்தோவை வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறார்கள். கிளப்பில் அவரை விடப் பத்திரமான வேலை யாருக்கும் கிடையாது என்று பேச்சு. அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கோழிப்பண்ணை ஞாபகம் வந்துவிடுகிறது. வராவிட்டால் பையன் கண்டுபிடித்துவிடுவான்.

கொன்சுவேலோவுக்கு வரும்போது இன்னமும் கரும்புத் தோட்டத்தைச் சுற்றித்தான் வருகிறார். போன வாரம் நெரெய்தா சட்டியிலிருந்து நிமிராமலே கேட்டாள்:

"என்ன தொன், வேலையில இருக்கீங்களா?"

"நேத்து ராத்திரி வரைக்கும் இருந்தேன் தோன்யா நெரெய்தா."

"இன்னிக்கு?"

"ஆறு மணிக்கு ஆட்டம் இருக்கு," என்று எவரிஸ்தோ சூடான யானிகேக்கே ஒன்றை எடுத்துக் கடித்தார். "உங்க மகன் கடிதத்தைப் படிச்சுட்டு என்ன சொல்றான்னு பாப்போம்."