இல்லாத மேடு

1

இந்தக் கதை ஒரு கோப்பிலிருந்து பிறந்தது. செயற்கைக்கோள் ஒன்று பூமியை முப்பது மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் ஓர் எண்ணாக எழுதிவைத்த கோப்பு அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இது நான்காவது தொடக்கம்.

முதல் தொடக்கம்: “மலையிலிருந்து சேறு இறங்கியபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்” — அடித்துவிட்டேன். சேறு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் எழுதுவது சுலபம்.

இரண்டாவது: “பெர்மெட் கெட்டிக்காரி, ஆனால்” — அந்த ‘ஆனால்’ அவளுடையது அல்ல என்று பிறகுதான் உறைத்தது.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் நானே இல்லை.

2

நான் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக்கு மருத்துவம் படிக்க வந்து, மூன்றாம் ஆண்டில் பிணவறை வாசலோடு படிப்பை விட்டு, இங்கேயே தங்கிவிட்டவன். பதின்மூன்று வருடமாக ஒரு சின்னத் திட்ட அலுவலகத்தில் பெர்மெட்டுக்கு எதிர் மேசை. ஊர்களுக்கு வரைபடம் போட்டு, எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்வது எங்கள் வேலை. கையெழுத்து போடுவது அவள்.

கோக்-தாஷ் என்ற ஊருக்குப் (பெயரை மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள்) புதுப் பள்ளிக்கூடம் வேண்டும். ஊர்த்தலைவர் துர்குன்பேக் காட்டிய இடம், மலை ஓடை சமவெளியில் இறங்கும் வாய். பாசன நிலத்தில் கட்டக்கூடாது; பாசனம் இல்லாத சமதரை அது ஒன்றுதான். வசந்தத்தில் ஓடையில் சேற்று வெள்ளம் வந்தால் அங்கே பாயுமா என்பது கேள்வி. அளவையாளர் வர ஒரு வருடம் ஆகும் என்றார்கள்.

ஆகவே பொதுவில் கிடைப்பதைத் தேடினோம். யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்தில் கோக்-தாஷின் தெருக்கள் இருந்தன. யாரோ பொழுதுபோகாதவர் கோழிக்கூட்டைக்கூட வரைந்திருந்தார். பழைய செயற்கைக்கோள் படங்களில், ஓடை வருடத்துக்கு வருடம் படுக்கை மாறியது தெரிந்தது. பெர்மெட் அதைப் பார்த்து, “இங்க பாரு, தூக்கத்துல பொரண்டு படுக்குது” என்றாள். உயரக் கோப்பு தரவிறக்கப்பட்டது.

(கடைசி வாக்கியத்தில் செய்தவர் யார் என்பது இல்லாததைக் கவனித்திருப்பீர்கள்.)

கணினியில் தண்ணீரை ஓடவிட்டோம். மலையிலிருந்து வந்த நீர், எட்டு மீட்டர் உயர மேடு ஒன்றில் முட்டி, இடப்பக்கம் திரும்பி ஆற்றுக்குப் போனது. பள்ளி இடத்தில் ஒரு சொட்டு இல்லை. துர்குன்பேக் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார்.

3

ஏப்ரலில் அஸ்திவாரம் குறிக்கப் போனோம். வண்டியை விட்டு இறங்கியதும் பெர்மெட் சுற்றிப் பார்த்தாள்.

“அண்ணே, மேடு எங்க?”

“எந்த மேடு?” என்றார் துர்குன்பேக்.

“படத்துல இருக்கே. ஓடைக்கும் இதுக்கும் நடுவுல.”

“எனக்கு அம்பத்தாறு வயசாவுது தங்கச்சி. இங்க ஆடு ஏறி நிக்க ஒரு கல்லுகூடக் கெடையாது.”

பக்கத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த உல்கான் அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்றாள். மேலே சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்தில் அவளுக்கு ஆப்ரிகாட் தோட்டம். “ஓஷ்ல ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும் போல” என்றாள்.

மேடு இருக்கவேண்டிய இடத்தில் பாப்ளார் மரங்கள் நின்றன. நெருக்கமாக, நான்கு வரிசை. பெர்மெட் அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இலையத்தான் அளந்திருக்கு” என்றாள் மெதுவாக. “தரைய இல்ல.”*

* அந்தத் தரவின் விளக்கப் பக்கத்தில் மூன்றாவது வரி: உயரம் என்பது மேலே இருப்பதன் உயரம், மரமும் கூரையும் சேர்த்து. மரங்களைக் கழித்த இன்னொரு கோப்பும் இலவசமாகவே கிடைக்கிறது.

4

தரவிறக்கியவன் நான். அன்று பெர்மெட் ஓடைகளை வரைந்துகொண்டே, “வெளக்கப் பக்கம் படிச்சியா?” என்று கேட்டாள்.

“படிச்சேன்” என்றேன்.

படிக்கவில்லை. மரத்தடியிலும் அவள் கேட்டாள், மரத்தைப் பற்றி ஏதாவது போட்டிருந்ததா என்று. “பாத்த ஞாபகம் இல்ல” என்றேன்.

இதைவிட நீளமாக எழுதினால் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

5

மரம் கழித்த கோப்பில் தண்ணீர் நேராகப் பள்ளி இடத்தின் குறுக்கே ஓடியது. ஊர்க் கூட்டத்தில் பெர்மெட் அதைக் காட்டினாள்.

“தப்பு என்னுது. நான் சரிபாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“நீயே மேட்ட வச்ச, நீயே தூக்கிட்ட” என்றார் துர்குன்பேக். “நாளைக்கு மலையையும் தூக்குவியா?”

சிரித்தார்கள். பெர்மெட்டின் காது சிவந்தது. நான் மடிக்கணினிப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்க இரண்டு தடவை மூச்சு இழுத்தேன். (நாடகத்தனமாக இருக்கிறது. ஒரு தடவைதான்.)

“வெள்ளம் கண்டிப்பா வருமா?” என்று கேட்டாள் உல்கான் அக்கா.

“தெரியாதுக்கா. வந்தா இந்த வழி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“அப்ப என் தோட்டத்துல பாதிய எடுத்துக்கங்க. தெரியாதுன்னு சொல்ற ஆபீசர இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

6

முடிவுகளுக்கு வருவோம்.

(அ) இரண்டாம் வருடம் சேறு வந்து பழைய இடத்தை மூடுகிறது, ஊர் பெர்மெட்டைக் கொண்டாடுகிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. பொய்.

(ஆ) நடந்தது: நான்கு வசந்தம் போய்விட்டது, சேறு வரவில்லை. பிள்ளைகள் இருபது நிமிடம் மேடேறி, உல்கான் அக்கா தோட்டத்தில் கட்டிய பள்ளிக்குப் போகிறார்கள். போன மாதம்கூட துர்குன்பேக் தொலைபேசியில், “தங்கச்சி, ஒன் வெள்ளம் வழியில எங்கயாவது டீ குடிக்குதா?” என்றார். பெர்மெட் சிரித்தாள். வைத்தபின் சிரிக்கவில்லை.

(இ)

7

நேற்று மதியம் பெர்மெட் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்னய்யா இது, கொக்கி கொக்கியா?”

“தமிழ். கதை எழுதுறேன்.”

“எதப் பத்தி?”

“கோக்-தாஷ் மேட்டப் பத்தி.”

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரொட்டியைப் பிய்த்துத் தேநீர்க் கிண்ணத்தோடு என் மேசைக்கே நாற்காலியை இழுத்துப்போட்டாள். “படி. அப்படியே கிர்கிஸ்ல சொல்லு.”

ஒன்றிலிருந்து சொன்னேன். பிணவறைக்குச் சிரித்தாள். துர்குன்பேக்குக்கு அப்போது ஐம்பத்தெட்டு என்று திருத்தினாள். மூன்று முடிந்தது.

மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவினால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. இடையில் ஒரு பகுதி இருப்பது எனக்கும், வாசகரே, உங்களுக்கும் மட்டுமே தெரியும்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றாள். “அப்புறம்?”

நான்கா, ஐந்தா, நான் எந்த எண்ணைச் சொல்லித் தொடர்ந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. பதின்மூன்று வருட எதிர் மேசையை நீங்கள் இந்த அளவு பார்த்துவிட்டீர்கள். (இ)க்கு எதிரே நீங்கள் எழுத இடம் விட்டிருக்கிறேன்.