ஒருவேளை, ஒரு வேளை

சிவப்பாக ஒரு கோடு, குச்சி மாதிரி நிமிர்ந்து, இரண்டு சொற்களுக்கு நடுவே நிற்கிறது, ரோஸ் நிறத் தாளில் சிவப்புப் பென்சில் அவ்வளவாக எடுபடாது, ஆனாலும் எனக்குத் தெரிகிறது, கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு, அந்தப் பக்கம் வேளை, நடுவில் நான் விடாமல் போன இடம், ஒரு விரல்கூட நுழையாத சின்ன இடம், அதற்குள் ஒரு பொம்பளையின் உயிர் மாட்டிக்கொண்டு கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள். டோக்கன் நூற்றுப் பதினாலு என்று பலகையில் சிவப்பு எழுத்து ஓடுகிறது, என்னுடையது நூற்று முப்பது, மகள் காபி வாங்கப் போயிருக்கிறாள், இது பெங்களூர், கண் ஆஸ்பத்திரி, கண்ணில் சொட்டு விட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், எதிரே இருக்கிற சுவர் கரைந்து கரைந்து எங்கள் பழைய ஆபீஸ் சுவராகிறது, காவிப் பட்டை போட்ட சுவர், காசநோய் மையம், தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த அந்தக் கரிசல் ஊர், நான் அங்கே தமிழ்த் தட்டச்சர், தற்காலிகம்.

தற்காலிகம்தான், மெஷினும் தற்காலிகம்தான், வேறு ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட தமிழ் டைப்ரைட்டர், அதில் இடம் விடுகிற கட்டை பத்துத் தடவைக்கு ஒரு தடவை அமுங்காது, கட்டை விரலால் ஓங்கித் தட்டினால் தட்டுகிற சத்தம் டாக்டர் ரூம் வரைக்கும் கேட்கும். டாக்டர் கோமதிநாயகம் நல்ல மனுஷர், கோபக்காரர், பொதுமக்கள் கையில் போகிற தாளெல்லாம் இனிமேல் தமிழில்தான் என்று கோட்டையிலிருந்து சுற்றறிக்கை வந்த அன்றைக்கு அதை என் மேஜையில் வைத்துவிட்டு, ஏம்மா, நான் தெரியாமத்தான் கேக்கேன், கவர்மெண்டுக்கு வேற சோலியே இல்லையா, மொழிக்கு என்ன சளியா இருமலா, இவங்க போயி காப்பாத்துததுக்கு, அதுபாட்டுக்கு இருக்கும்ல, என்கிறார், எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த உத்தரவு இருக்கிற வரைக்கும்தான் இந்த மெஷின் இங்கே இருக்கும், இந்தத் தாள் இருக்கும், நானும் இருப்பேன். அன்றைக்கு ஸ்டென்சில் அடிக்கிறேன், மாத்திரைகளை ஒரு வேளை சாப்பிடவும், தட்டுகிறேன், மையைத் தடவி உருளையைச் சுற்றுகிறேன், ரோஸ் தாள்கள் வந்து விழுகின்றன, இரண்டாயிரம் தாள், ஒருவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

ஒன்றரை மாசம் கழித்து பேராச்சி வந்தாள், இல்லை, வருகிறாள், இதோ வாசலில் செருப்பை விடுகிறாள், தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிறவள், நகக்கண்ணெல்லாம் பசை, முப்பத்தைந்து வயசு இருக்கும், அறிவொளி வகுப்பில் போன வருஷம்தான் எழுத்துக் கூட்டப் படித்தவள், பஸ்ஸில் போனால் போர்டு, மளிகைக்குப் போனால் கட்டிக் கொடுத்த பேப்பர், எதையும் விட மாட்டாள், மடியில் ஒரு அலுமினிய டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். டைப்பம்மா, இனிமே மாத்திரை குடுக்கிறதா இருந்தா ஒரு டப்பாவும் சேத்துக் குடுங்க, இது நெறைஞ்சு போச்சு, என்று என் மேஜையில் வைத்துத் திறக்கிறாள், உள்ளே மாத்திரை, சிவப்பும் வெள்ளையுமாக, ஒன்றரை மாச மாத்திரையில் முக்கால்வாசி அப்படியே. என்னக்கா இது, சாப்பிடலையா. நீங்கதான எழுதியிருக்கீக, என்று ரோஸ் தாளை விரித்து விரலை வைத்து, ஒ, ரு, வே, ளை, ஒருவேளை சாப்பிடவும், ஒருவேளைன்னா என்ன, சாப்பிட்டாலும் சாப்பிடலாம், சாப்பிடாட்டியும் குத்தமில்ல, அதுதான, எனக்கு இருமல் நின்னுபோச்சு, பெறவு எதுக்கு, ஆனா பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து வாங்கணும்னு டாக்டரய்யா சொன்னாக, அதுல நான் ஒரு தப்பும் வைக்கல, வந்து வாங்கிட்டேன்.

இந்த நோய்க்குப் பாதியில் விட்ட மருந்து எப்படித் திரும்பிக் கடிக்கும் என்று அந்த ஆபீஸில் பெருக்குகிற அம்மாவுக்கும் தெரியும், அந்தத் தாளைப் பார்க்கிறேன், ஒருவுக்கும் வேளைக்கும் நடுவே இடமே இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, கட்டை அமுங்கவில்லை, நான் பார்க்கவில்லை. மறைத்திருக்கலாம், தாளைக் கிழித்து அவளிடம் வாயால் சொல்லி அனுப்பியிருக்கலாம், ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், வெளியே போன மற்றத் தாள்கள் எத்தனை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கின்றனவோ, எழுந்து டாக்டர் ரூமுக்குப் போனேன், டப்பாவோடு, பேராச்சியோடு. அவர் முதலில் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், ரொம்ப நேரம் கேட்டார், சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், பெரிசா ஒண்ணும் கெட்டுப் போகல, இன்னைலேருந்து திரும்பத் தொடங்கணும், என்றார், அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். பாத்தியாம்மா, இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், ஒட்டுனா ஒரு அர்த்தம், பிரிச்சா ஒரு அர்த்தம், இந்தப் பாஷைய வச்சுக்கிட்டு மருந்து குடுக்க முடியுமா, நாளையிலேருந்து பழைய இங்கிலீஷ் தாளே போகட்டும், அந்த மெஷினைத் திருப்பி அனுப்பு, சுற்றறிக்கைக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். சரி சார் என்று டப்பாவை மூடினேன்.

பேராச்சிதான் கேட்டாள், இங்கிலீஷ் தாளுன்னா முன்னாடி எங்க மச்சானுக்குக் குடுத்தீகளே, வெள்ளத்தாளு, அதுவா ஐயா. அதேதான், அதுல இந்த மாதிரி ஒரு தப்பு வந்ததா, சொல்லு. அது எனக்கு எப்படி ஐயா தெரியும், நல்ல வழவழ தாளு, எம்புள்ளைக்கு ராக்கெட்டு செஞ்சு குடுத்தேன், நல்லாப் பறந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை, அலமாரியைத் திறந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி, இதைப் பாரு என்று காட்டப் போனவர் தாமே படிக்கிறார், படித்துக்கொண்டே நிற்கிறார், நான் எட்டிப் பார்க்கிறேன். இரண்டாவது வரி, படுக்கப் போகும்போது இரண்டு மாத்திரை என்று ஒரு மருந்து, அந்த மருந்தை நாங்கள் நிறுத்தி இரண்டு வருஷம், இரண்டு வருஷமாக அந்த வரி அப்படியே அச்சாகி, அப்படியே கை மாறி, ராக்கெட்டாகப் பறந்து, ஒருத்தர்கூட வந்து இது என்னது என்று கேட்டதில்லை. டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். இவ வந்து கேட்டுட்டாளே, என்றார், எனக்குச் சொன்னாரா தமக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை, தப்பைப் படிச்சிட்டு வந்து கேட்டுட்டா பாரு.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்தார், சிவப்பு, ஒரு முனை நீலம், எக்ஸ்ரே படத்தில் குறி போடுகிற பென்சில், பேராச்சியின் தாளில் ஒருவுக்கும் வேளைக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார், இப்பப் படி. ஒரு, வேளை. நல்லாருக்கு, ஆனா எந்த வேளைன்னு போடலையே ஐயா, காலையிலயா, ராத்திரியா. அட இவளே, என்று டாக்டர் சிரித்துவிட்டார், காலையிலன்னு போடும்மா, வெறும் வயித்துலன்னும் போடு. மிச்சம் இருந்த எழுநூறு தாளுக்கும் நானும் பேராச்சியும் மருந்து கொடுக்கிற நர்ஸும் உட்கார்ந்து கோடு போட்டோம், வெளியே போன தாள்களைத் தேடி மறுநாளே ஜீப் கிளம்பியது, பேராச்சி முன் சீட்டில். சுற்றறிக்கை ஃபைலில் டாக்டர் தம் கையால் எழுதினார், அவர் எழுதிய முதல் தமிழ்க் குறிப்பு, தமிழ்த் தாள் தொடறட்டும். சார், சின்ன ர. ம்ம், நீயும் கேக்க ஆரம்பிச்சிட்டியா. ஆறாம் மாசம் பேராச்சி காலி டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்துக் காட்டுகிறாள், டங்கென்று சத்தம், அந்தச் சத்தத்தில் கண் திறக்கிறது.

யாரோ தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்கள். டோக்கன் நூற்று இருபத்தாறு. என் மடியில் ஆஸ்பத்திரி கொடுத்த தாள், ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் கன்னடம், இங்கேயும் அப்படி உத்தரவு இருக்கும்போல, வளையல் வளையலாக எழுத்து, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ராக்கெட்தான் செய்யலாம். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, பூக்காரி, கூடை காலடியில் இருக்கிறது, அதே தாளில் விரலை வைத்து நர்ஸைக் கூப்பிட்டு என்னவோ கேட்கிறாள், நர்ஸ் குனிந்து பார்க்கிறாள், ஐயோ என்பது மாதிரி உதட்டைக் கடிக்கிறாள், பையில் பேனாவைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. என் கைப்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும், சிவப்பு, ஒரு முனை நீலம், நீட்டினேன். பூக்காரி அதை வாங்கி, நர்ஸுக்குக்கூடக் கொடுக்காமல், தானே அந்த வளையல்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு போட்டாள், குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றது, என்ன படித்தாள், எதைப் பிரித்தாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை, சொட்டு விட்ட கண்ணுக்கும் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.