வால் உண்டா, இல்லையா

விமானச் சரக்குக் கூடத்தின் பின்னறையில், பரிசோதகரம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் இருபது தலைப்பிரட்டைகள். ஒரு பயணி அவற்றை ஷாம்பு பாட்டிலில் அடைத்துக்கொண்டு வந்து இறங்கியபோது பிடித்தவள் அவள்தான். உலகத்தில் ஒரே ஒரு மலையில் மட்டும் வாழும் தவளையின் குஞ்சுகள். அவற்றைத் திருடிக்கொண்டுவர ஒரே நாள் போதுமாயிருந்தது. சட்டப்படி திருப்பி அனுப்ப, இரண்டு நாட்டுக் கையெழுத்துக்கும் சேர்த்து ஒன்பது வாரம் பிடித்தது. நல்ல காரியத்துக்குத்தான் எத்தனை கையெழுத்து!

அந்த ஒன்பது வாரமும் கீரையை வேகவைத்து, மசித்து, வாயில் ஊட்டாத குறையாக வளர்த்தாள். வாரம் தவறாமல் அறிக்கையும் எழுதினாள். அதில் ‘வால்’ என்று ஒரு கட்டம் உண்டு. பதினான்கு வருஷ சர்வீஸில் ஒரு பொய் எழுதியறியாதவள் ஆயிற்றே! இருபத்தெட்டு மில்லிமீட்டர், இருபது, ஒன்பது, இரண்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவை பாவம், இவளுடைய பேனாவால் கெட்டன.

அனுமதிச் சீட்டு வந்த அன்று காலை தொட்டியின் மூடியைத் திறந்தாள். இருபதும் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தன. ஒன்றுக்கும் வால் இல்லை.

பிரிவுத் தலைவர் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். முப்பது வருஷமாகத் தவளை வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற மனிதர், ஒரு தவளையையும் நேரில் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர் வேலை இல்லையாம்.

“உங்க முதல் அறிக்கைப்படி, தலைப்பிரட்டை, வாலோட, இருபதுன்னு போட்டிருக்கு. வால் இருக்கா?”

“இல்ல சார். வளர்ந்துடுச்சு.”

“யாரைக் கேட்டு வளர்ந்துச்சு?”

“அதுங்க இயல்பு சார் அது.”

“இயல்புக்கு நம்மகிட்ட கட்டம் இல்லையேம்மா. இப்போ இது தவளை. தவளைக்குச் சீட்டு எங்கே? சீட்டு இல்லாத உயிரை இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அழிச்சாகணும். வேணும்னா புதுசா எழுதிப் போடுங்க, ஒன்பது வாரத்துல வந்துடும்.”

“அதுக்குள்ளதான் அழிச்சிருப்போமே சார்!”

“ஆமா,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. “ஆனா சீட்டு கட்டாயம் வந்துடும்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். விமானம் மூன்று மணிக்கு. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து புருஷனுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் தையல்காரர், பழைய துணியை அளவு மாற்றித் தருபவர்.

“என்னங்க, என் கையாலயே மருந்து ஊத்தணுமாம்,” என்று சொல்லும்போதே அழுகை முட்டியது.

“அழாதம்மா. வேணும்னா இருபது வால் தைச்சு அனுப்பட்டுமா? அளவுதான் உன்கிட்ட இருக்கே.”

“விளையாடாதீங்க. எனக்கு வயிறு எரியுது.”

“சரி சரி. அந்த வாலெல்லாம் எங்கே போச்சு? உதிர்ந்துடுச்சா?”

“உதிராது. கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்குள்ளயே போயிடும். வாய் மாறி முடியிற வரைக்கும் அதுங்களால சாப்பிட முடியாது. அந்த வால்தான் சாப்பாடு.”

“அப்போ உள்ளதானே இருக்கு? பேன்ட் நீளமா இருந்தா நான் உள்ள மடிச்சு அடிக்கிறேன். துணி இல்லைன்னு எவனாவது சொல்றானா?”

அவள் போனை வைத்தாள். அன்றைய அறிக்கையின் கட்டத்தில் எழுதினாள்: ‘வால்: உண்டு. உள்பக்கம் மடிந்துள்ளது.’ எழுதியதைத் தலைவரிடம் நீட்டினாள்.

தலைவர் இரண்டு தடவை படித்தார். “மடிஞ்சுதான் இருக்கா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! மனுஷனைப் பதற வெச்சுட்டீங்களே,” என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தவளைகள் பறந்தன. அதற்கப்புறம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த நாட்டு அதிகாரி பெட்டியைத் திறப்பாரே! திறந்தால் வால் இல்லாதது தெரியுமே! இவளுடைய வேலை போனால் போகிறது, அதுகளை அங்கேயே அழித்துவிடுவார்களே! நான்கு நாள் சோறு இறங்கவில்லை. “வாலை நினைச்சு நீயும் இளைச்சுக்கிட்டே போறியே,” என்று புருஷன் கேலி செய்தாலும், அவரும்தான் வாசலுக்கும் போனுக்குமாக அலைந்தார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கையால் எழுதி, முத்திரை போட்டிருந்தது.

‘பெட்டியை நானே திறந்து பார்த்தேன். தலைப்பிரட்டைகள் இருபதும் நலம். வால்கள் இருபதும் சரி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. மலை ஓடையில் விட்டதும் தலைப்பிரட்டைகள் எல்லாம் கரையேறிக் குதித்துப் போய்விட்டன.’

முகம் தெரியாத அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தலைவர் கடிதத்தை வாங்கி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

“ஏம்மா, தலைப்பிரட்டை குதிக்குமா?”

“சொந்த ஊருக்குப் போனா குதிக்கும் சார்,” என்றாள்.