பாப்பா எப்படிங்க இருக்குது

அஸ்மத்துக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கணவர் இறந்த பிறகு ஓசூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் லீடர் வரை வந்தவள். கை வறண்ட மாதத்தில்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. அப்படிப்பட்டவள் தன் போன் நம்பரை முன்பின் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் கொடுத்துப் பணம் கேட்கும்படி ஆனது, சரிதாவின் குழந்தைக்காக.

சரிதா அவள் லைனுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஊத்தங்கரைப் பக்கம், மழையை நம்பி வாழும் குடும்பம். புருஷன் சிவராஜ் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். சரிதாவுக்குக் கர்ப்பம் ஏழாம் மாதம் தொடங்கியிருந்த நேரம், ஒரு நாள் காலை ஷிப்டில் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அக்கா, என்னமோ ஆவுதுக்கா" என்றாள். காலடியில் தண்ணீர் பரவியிருந்தது. கம்பெனி வண்டியில் ஏற்றி, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனது அஸ்மத்தான். சிவராஜ் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. பெண் குழந்தை. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது அஸ்மத் முதலில் தேடவேண்டியிருந்தது. அவ்வளவு சின்னது.

நுரையீரல் இன்னும் வளரவில்லை, பல வாரம் சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று சிவராஜ் கேட்டான். இந்த நிலைமையில் வண்டியில் ஏற்றினால் குழந்தை தாங்காது என்றார். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் இ.எஸ்.ஐ. காப்பீடு இன்னும் பதிவாகியிருக்கவில்லை. ஒரு நாள் செலவு எவ்வளவு என்று கவுன்டரில் சொன்னதைக் கேட்டு சிவராஜ் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அவன் ஒரு மாதச் சம்பளம் அந்தப் பெட்டிக்கு இரண்டு நாளைக்குக்கூடக் காணாது.

கம்பெனி கேன்டீனில் மேசை மேசையாகப் போய் அஸ்மத் கேட்டாள். முதல் மேசையில் பாதியிலேயே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஜனங்கள் கொடுத்தார்கள். ஹெல்பர் பெண்கள் கொடுத்தார்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவும் ரங்கம்மா கொடுத்தாள். ஆனாலும் பணம் வந்த வேகத்தில் கரைந்தது.

"வாட்ஸப்ல போடலாங்க்கா," என்றாள் லைனில் வேலை செய்யும் வினோதா. "ஆனா போட்டோ வேணும். போட்டோ இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

போட்டோ ஒன்று இருந்தது. தையல் பிரிக்காததால் எழுந்து நடக்க முடியாத சரிதாவுக்குக் காட்டுவதற்காக சிவராஜ் எடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாய், நெஞ்சில் ஒட்டிய வயர்கள், ஒரு கை மட்டும் மேலே தூக்கியபடி.

"அது அவளுக்குக் காட்டறதுக்கு எடுத்ததுக்கா," என்றான் சிவராஜ்.

"தெரியுது தம்பி. வேற வழி இருந்தா கேக்க மாட்டேன்."

அவன் படத்தை வினோதாவுக்கு அனுப்பினான். அவன் கணக்கில் பணம் விழுந்தால் பைக் தவணைக்குப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் அஸ்மத்தின் நம்பரைப் போட்டார்கள்.

அந்தப் படம் எங்கெங்கோ போனது. பாகலூர் இளைஞர்கள் குழுவுக்குப் போனது, பர்கூர் காலேஜ் பிள்ளைகளிடம் போனது, மசூதிக் குழு, கோயில் குழு, எல்லை தாண்டிக் கன்னடத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டு பெங்களூர் வரைக்கும் போனது. அஸ்மத்தின் போனில் பணம் விழுந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் சின்னத் தொகைகள். தினமும் சாயங்காலம் அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கட்டினாள்.

ஒரு நாள் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது சரிதா கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் கூடப் படித்த யாரோ, யார் குழந்தை என்று தெரியாமலேயே, அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். கீழே கும்பிடும் கைகள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லக்கா," என்றாள்.

கட்டணம் கட்டிய ரசீது அஸ்மத்தின் கையில் இருந்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சரிதா அவள் பக்கமாகச் சாய்ந்தாள்.

குழந்தை இரண்டு முறை தேறியது. குழாயை எடுத்துவிட்டுக்கூட வைத்திருந்தார்கள். சரிதாவை உள்ளே விட்டு, பெட்டியின் ஓட்டை வழியாக விரலை நீட்டச் சொன்னார்கள். குழந்தை அந்த விரலைப் பிடித்தது. அதற்கப்புறம் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. ஒரு மத்தியானம் டாக்டர் சிவராஜைத் தனியாகக் கூப்பிட்டார். அவன் வெளியே வந்து, "முடிஞ்சிதுக்கா" என்றான்.

பாக்கியில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரியே குறைத்துக்கொண்டது. ஊருக்குக் கார் பேசியது அஸ்மத். பின்சீட்டில் சிவராஜ் வெள்ளைத் துணிப் பொதியை மடியில் வைத்திருந்தான். சரிதா அதன்மேல் கை வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கிருஷ்ணகிரி தாண்டும்போது முன்சீட்டில் இருந்த அஸ்மத்தின் போன் டிங் என்றது. சற்றுப் போனதும் இன்னொன்று. யாரோ பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு மணி அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு ரத்தம் எதனா வேணுமுங்களா? நாங்க நாலு பேரு ரெடியா இருக்கோம்."

"வேணாம்ப்பா," என்றாள் அஸ்மத். "நல்லா இருங்க." போனை அணைத்துவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

சிவராஜின் நிலத்து ஓரத்தில் புதைத்தார்கள்.

மறுநாள் வினோதா இன்னொரு செய்தி போட்டாள். குழந்தை தவறிவிட்டது, இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று. அதை யாரும் பகிரவில்லை. பழைய படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வாரங்கள் போயும் புதிது புதிதாக அழைப்புகள் வந்தன. லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டு வேளையில் லாக்கரைத் திறந்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு ஒவ்வொருவரையாகக் கூப்பிடுவாள்.

"பாப்பா எப்படிங்க இருக்குது?"

"பாப்பா தவறிடுச்சுங்க."

சிலர் சட்டென்று வைத்துவிடுவார்கள். சிலர் அழுவார்கள். ஒருவர், செத்துப்போச்சுன்னு சொல்லிப் பணத்தை அமுக்கிட்டீங்களா என்று கேட்டார். அன்றைக்கு அஸ்மத் சோற்றைத் தொடவில்லை. குழந்தை தவறிய பிறகு வந்த பணத்தை அனுப்பியவர்களுக்கே திருப்பினாள். வேண்டாம் என்றவர்களுடையதை அதே ஆஸ்பத்திரியில் பெட்டியில் கிடந்த வேறொரு குழந்தைக்குக் கட்டினாள்.

நம்பரை மாற்றிவிடச் சொன்னாள் மகள் ஹீனா. "எத்தன நாளைக்கும்மா இதையே சொல்லிட்டிருப்பே?"

"கேக்கறவங்களுக்கு யாராச்சும் சொல்லணுமில்ல," என்றாள் அஸ்மத். "நான் எடுக்கலைன்னா அந்தப் பொண்ணைத் தேடிப் போயிருவாங்க."

தை கழிந்து சரிதா வேலைக்குத் திரும்பினாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்காகவே பலர் அவள் பக்கத்தில் உட்காராமல் இருந்தார்கள். அவளும் அஸ்மத்தும் மட்டும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அழைப்பு வந்தால் அஸ்மத் எழுந்து வெளியே போய்ப் பேசுவாள். யாருடைய அழைப்பு என்று சரிதா கேட்டதில்லை.

ஒரு நாள் அஸ்மத் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது, மேசையில் விட்டுப்போன போன் சரிதாவின் காதில் இருந்தது. அஸ்மத் வேகமாக வந்து கையை நீட்டினாள். சரிதா தலையசைத்து மறுத்தாள்.

"ஆமாங்கம்மா. நான் அதோட அம்மாதான் பேசறேன்... இல்லைங்கம்மா. போயிட்டா."

எதிர்முனையில் பேசியது ஒரு பெண். பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்கிறவளாம், பெயர் ஜோதியம்மாளாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது அஸ்மத்துக்கு சரிதாவின் பதில்கள் மட்டுமே கேட்டன.

"பேரா? வச்சோம்மா. ஆதிரா."

அஸ்மத் மெதுவாக எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் சரிதாவின் பெண் குழந்தை என்றுதான் கடைசிவரை எழுதியிருந்தது. நிலத்தில் மண் தள்ளும்போதுகூட யாரும் பெயர் சொல்லவில்லை.

"தலை நெறைய முடிங்கம்மா," சரிதா சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "காது மட்டும் அவங்கப்பா மாதிரி. என் வெரலைப் பிடிச்சா, விடவே மாட்டேன்னுட்டா..."

சாப்பாட்டு வேளை முடிந்து மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன. பெண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு லைனுக்குக் கிளம்பினார்கள். சரிதா எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்துகொண்டிருந்தது, இவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அஸ்மத் சரிதா சாப்பிட்ட பாக்ஸையும் எடுத்து மூடி வைத்தாள். பிறகு சூப்பர்வைசரிடம் போய், சரிதா இடத்தில் கொஞ்ச நேரம் தானே நிற்பதாகச் சொன்னாள்.