இல்லத்தின் பெயர்

முதியோர் இல்லத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இல்லத்தை நடத்தியவள் அவளுடைய நாத்தனார். அங்கிருந்த பெரியவர் ஒருவரின் மகள், "என் அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள்" என்று அந்தப் பக்கத்தில் எழுதினாள். நாத்தனார் சொன்னபடி இவள் அதை அழித்தாள். மகள் விடாமல் எழுத, இவளும் விடாமல் அழித்தாள். போதாக்குறைக்கு, "பொய் சொல்லி எங்கள் பெயரைக் கெடுக்கிறார்" என்று பதிலும் போட்டாள்.

ஆனாலும் மனசு அரித்தது. ஒரு மதியம் அந்தப் பெரியவர் இருந்த மாடியறைக்கே போய்ப் பார்த்தாள். பெரியவரின் மணிக்கட்டு இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"அண்ணி, அவரைக் கட்டித்தான் போட்டிருக்கீங்க," என்றாள் கீழே வந்து நாத்தனாரிடம்.

"எழுந்து நடந்து விழுந்தா நீயா வந்து தூக்குவ? வாயை மூடிக்கிட்டு சொன்னதைச் செய். நாலு பேர் காறித்துப்பவா இந்த இல்லத்தை வளர்த்தேன்?"

அவள் நின்ற இடத்திலேயே, நாத்தனாரின் கண்ணெதிரே, கைபேசியில் இணையப் பக்கத்தைத் திறந்து எழுதினாள்: "அந்த மகள் சொன்னது உண்மை. மன்னித்துவிடுங்கள்."

நாத்தனார் கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே. என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

பதிவு அதற்குள் பக்கத்தில் ஏறிவிட்டது. சாயங்காலம் மகள் வந்து அப்பாவைக் காரில் ஏற்றினாள். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த இவள் ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்தாள்.

"கையை எடு," என்றாள் மகள். "என்னைப் பொய்க்காரின்னு எழுதினது இந்தக் கைதானே?"

இவள் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் நாத்தனார் கேட்டை இழுத்துப் பூட்டினாள்.