கடல் கதவு மூடும் முன்

நாத்தனாரின் கையிலிருந்து போனைப் பிடுங்கிய பிறகுதான், தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் முன்னால் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

"என்ன பண்றே நீ? செத்தது எங்கப்பா. பெத்த பிள்ளைக்குச் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம் அண்ணி. கப்பல் உள்ள வந்துரட்டும்."

கட்டிலில் மாமனார் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். சில நாளாகவே படுக்கைதான். மத்தியானம் தண்ணீர் கேட்டார், கொண்டுவருவதற்குள் போய்விட்டார். நிரம்பிய டம்ளர் இன்னும் ஜன்னலில் இருந்தது.

அவள் கணவன் துறைமுகத்தில் பைலட். வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. புயலுக்கு முந்தைய கடைசிக் கப்பல் இப்போது அவன் பொறுப்பில் வந்துகொண்டிருந்தது. கால்வாய்க்குள் நுழைந்துவிட்ட கப்பல் திரும்பிப் போக முடியாது. எதிரே கடல் கதவு. புயல் நாளில் கடலைத் தடுத்து நிறுத்த, முகத்துவாரத்தில் தூண்கள் எழுப்பிப் போட்ட இரும்புக் கதவு. தூண்களால் வழி குறுகிவிட்டது. நீர் ஏறும் நேரத்தில் இழுப்பு கப்பலைத் தூண் பக்கமே தள்ளும். "அந்த இடத்துல கண்ணைச் சிமிட்டக்கூட பயமா இருக்கு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

கதவு வேண்டுமென்று வீடு வீடாக ஏறி இறங்கியவர் மாமனார். அந்த இடத்தில் வேண்டாமென்று கூட்டத்தில் எழுந்து பேசியவன் அவர் மகன். அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. "உங்கப்பா கேக்கறார்", "உங்க பையன் சொல்றார்" என்று நடுவில் அவள்.

எதிர்வீட்டு வெல்டர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "தெருமுனைக்குத் தண்ணி வந்தாச்சு. இன்னும் கதவை மூடல. ஒரு கப்பலுக்காகக் காத்துக்கிட்டிருக்கானுங்களாம். கப்பல் ஒண்ணு, வீடு எத்தனை? பெரியவர் மட்டும் இருந்திருந்தா..."

யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். அவர் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. தம்பி வந்துரட்டும். அதுக்கப்புறம் மூடட்டும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வாசலில் தண்ணீர் செருப்புகளை மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது. அது உள்ளே வந்தால் மாமனாரை எங்கே தூக்கி வைப்பது? கதவை மூடிவிட்டால் அவன்? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் வேண்டிக்கொள்வதையே விட்டுவிட்டாள்.

அவளுடைய போன் அடித்தது. துறைமுகக் கட்டுப்பாட்டு அறை.

"அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு பைலட் சார் கேக்கறாரும்மா. கதவுகிட்ட வந்துட்டார். என்ன சொல்லட்டும்?"

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கறார்னு சொல்லுங்க."

அடுத்த நிமிடம் மாமனாரின் தலையணைக்கு அடியிலிருந்து அதே ஆளின் குரல் கரகரத்தது: "சார், அப்பா தூங்கறாராம்." "சரி" என்றது கணவனின் குரல்.

அறையிலிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அவளுக்கு மட்டும்தான் தெரியும். பழைய படகுச் சாமான் கடையில் மாமனார் வாங்கிய வயர்லெஸ் அது. மகன் வேலைக்குக் கிளம்பியதும் காதோடு வைத்துக்கொள்வார். அவன் காலடிச் சத்தம் கேட்டால் தலையணைக்கு அடியில் போய்விடும். "அவன்கிட்ட மூச்சு விட்டே, அப்புறம் இருக்கு உனக்கு" என்று மிரட்டி வைத்திருந்தார். இன்று அதை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"பின் இழுவைப் படகு, இடது பக்கம் இழு."

"இழுக்கறேன் சார்."

"இன்னும்."

"இவ்வளவுதான் சார். இதுக்கு மேல இழுவை இல்ல."

பிறகு இரைச்சல் மட்டும். வெல்டர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாத்தனாரின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிவந்து இறுக்கின; நகம் பதிந்தது. வெளியே தண்ணீர் முதல் படியை மூடியது. தூணில் இரும்பு உரசினால் அந்தச் சத்தம் இதில் கேட்குமா? கேட்பதற்கு முன்பே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"விடு." அவன் குரல் உடைந்திருந்தது. "விட்டுரு. தாண்டியாச்சு."

சற்று நேரத்தில் கதவு மூடுவதற்கான சங்கு ஊதியது. அவள் போனை நாத்தனாரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை.

தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றிருந்தபோது அவன் வந்தான். மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தெருவிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"தூங்கறார்னு சொன்னாங்க" என்றான்.

அவள் கட்டிலிலிருந்து விலகி வழிவிட்டாள். அவன் கட்டிலருகே உட்கார்ந்தான். தலையணைக்கு அடியில் கரகரப்பு. "பைலட் சார் வீட்டுக்குப் போயிட்டாரா?" "போயிட்டார்."

அவன் தலையணையின் ஓரத்தைத் தூக்கினான். வயர்லெஸ்ஸை எடுத்தான். விரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்துபோன அதன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அணைச்சிடுப்பா" என்றார் நாத்தனார்.

அவன் அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதை அப்பாவின் காதோரம் வைத்தான்.